நாற்பத்தொன்றும் ஒரு பொன்னாடையும்

போன வாரம் உட்லண்ட்ஸ் பலதுறை மருந்தகத்தில் கால்வலி மாத்திரைக்காக உட்கார்ந்திருந்தேன். வரிசை எண்ணைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தோளைத் தொட்டு, “ஆன்ட்டி, உங்க நம்பர் வந்துருச்சு லா, ஃபார்ட்டி ஒன்” என்றாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. எண்பதைத் தாண்டிய ஒருத்திக்கு ஓர் எண்ணைக் கேட்டு வெட்கம் வருமா என்று நீங்கள் சிரிப்பீர்கள். வருகிறதே, என்ன செய்ய?

மருந்தகத்தில் ஏதோ கற்பூரத் தைல வாடை. அதுவும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்துப் பொன்னாடைகளில் அந்துருண்டை வாடை அடிக்கும். ஒரு கூட்டத்துக்குப் போர்த்தியதை மடித்து வைத்து அடுத்த கூட்டத்துக்கும் போர்த்துவார்கள் என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு. எனக்குப் போர்த்தியது எத்தனையாவது தோளுக்கு வந்ததோ!

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், மிளகாய் அரைக்கும் கடைக்கு மேலே ஒரு தமிழ் மன்றம் இருந்தது. கூட்டத்துக்குப் போனால் தும்மாமல் வர முடியாது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புக்கிட் தீமாவில் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க இடம் கிடைத்திருந்தது. அப்பா அம்மா இல்லாத வீட்டில் முடிவு சொல்ல வேண்டியவர் அண்ணன். துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. “இருக்கற வேலைய விட்டுட்டுப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?” என்று கேட்டார். நான் விடவில்லை. கடைசியில், “மன்றத்துல பேசக் கூப்புட்டிருக்காங்கல்ல? பேசு. சபையில நாலு பேரு மெச்சட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார்.

அந்த நாலு பேருக்காக ராப்பகலாகத் தயாரானேன். தலைப்பு ‘எண்களின் எழில்’. முதலில் பகா எண் என்றால் என்ன என்று சொல்ல வேண்டுமே! ஆறு வாழைப்பழம் இருந்தால் இரண்டு பேருக்கு மும்மூன்று, மூன்று பேருக்கு இரண்டிரண்டு என்று பங்கு போடலாம். ஏழு இருந்தால்? ஏழு பேர் ஆளுக்கொன்று தின்னலாம், அல்லது ஒருவரே ஏழையும் தின்று வயிற்றுவலி வாங்கிக்கொள்ளலாம். வேறு வழியே கிடையாது. இந்த மாதிரி எண்கள் எப்போது வரும், எப்போது வராது என்று யாருக்கும் பிடிபடுவதில்லை. அதில்தான் எனக்குக் கிறுக்கு.

ஆனால் ஒரு சின்ன வித்தை உண்டு. நாற்பத்தொன்று பகா எண். இரண்டைக் கூட்டினால் நாற்பத்துமூன்று, அதுவும் பகா எண். வந்ததோடு நாலைக் கூட்டினால் நாற்பத்தேழு. அதோடு ஆறைக் கூட்டினால் ஐம்பத்துமூன்று. எட்டைக் கூட்டினால் அறுபத்தொன்று. எல்லாமே பகா எண்! இதையே வேறு விதமாகச் சொன்னால், ஏதாவது ஓர் எண்ணை எடுங்கள், அதை அதனாலேயே பெருக்குங்கள், எடுத்த எண்ணையே ஒரு தடவை கூட்டுங்கள், மேலே நாற்பத்தொன்றைக் கூட்டுங்கள். வருவது பகா எண். ‘முப்பத்தொன்பது வரைக்கும்தான்’ என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நானும் அப்படித்தான் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன்.

அந்தக் கால மேடைத் தமிழ் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. “அவைத்தலைவர் அவர்களே, அறிவார்ந்த ஆன்றோர்களே” என்று ஆரம்பித்தால் மோனை நிற்காமல் வரவேண்டும். மூன்று அடுக்கு அடுக்கி மூன்றாவதில் குரலை உயர்த்தினால் கை தட்டுவார்கள். கணக்குப் பேசினாலும் அப்படித்தான் பேசவேண்டும் என்று நாங்கள் நினைத்தோம். பாவி, நானும் நினைத்தேன். நாலாவது கைதட்டலில் எனக்குப் போதை ஏறிவிட்டது. “இவ்வழி வரும் எண் பண்டும் பகாதது! இன்றும் பகாதது! என்றும் பகாதது!” என்று முழங்கினேன். அந்த இடத்தில் முப்பத்தொன்பது வரைக்கும் என்று இழுத்தால் யார் தட்டுவார்கள்? நாக்கு தாண்டிப் போய்விட்டது.

கூரை அதிர்ந்தது. அதோடு இறங்கியிருக்கலாம். “நீங்களே ஓர் எண் சொல்லுங்கள்!” என்றேன். பதினெட்டு என்றார் ஒருவர். கரும்பலகையில் போட்டேன், முந்நூற்று எண்பத்துமூன்று. கைதட்டல். இருபத்துமூன்று என்றார் இன்னொருவர். ஐந்நூற்றுத் தொண்ணூற்றுமூன்று. மறுபடியும் கைதட்டல். தலைவருக்கு ஆசை வந்துவிட்டது. “எங்க வீட்டு நம்பரப் போடும்மா, நாப்பத்தொண்ணு” என்றார்.

நாற்பத்தொன்று பெருக்கல் நாற்பத்தொன்று, கூட்டல் நாற்பத்தொன்று, கூட்டல் நாற்பத்தொன்று. எழுதி முடிப்பதற்குள் கை நின்றுவிட்டது. பெருக்கிப் பார்க்கக்கூட வேண்டாம், எங்கே பார்த்தாலும் நாற்பத்தொன்று. நாற்பத்துமூன்று சீப்பு, சீப்புக்கு நாற்பத்தொரு பழம். அழகாகப் பங்கு போடலாம். எப்படிப் பகா எண்ணாகும்? என் மானம் கப்பலேறியது.

“இது நாற்பத்தொன்றால் வகுபடுகிறது. நான் சொன்னது தவறு” என்றேன். மைக்கை விட்டு விலகி, மெல்லிய குரலில்தான் சொன்னேன். முன்னால் நின்ற தலைவருக்குப் பாதிதான் கேட்டிருக்க வேண்டும். மைக்கைப் பிடித்துவிட்டார். “பார்த்தீர்களா! வந்த விடைக்குள்ளும் நம் வீட்டு எண்ணே வீற்றிருக்கிறது! என்னே எண்ணின் எழில்!” அன்றைக்கு அந்தக் கட்டடம் இடிந்து விழாதது மிளகாய்க் கடைக்காரர் செய்த புண்ணியம். பொன்னாடை வந்தது. ‘கணிதப் பேரரசி’ என்றார்கள். நான் மறுபடியும் வாயைத் திறக்கவில்லை. குனிந்து வாங்கிக்கொண்டேன். சீ, இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மூன்றாவது வரிசையில் அண்ணன் மட்டும் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பூக்கடையைத் தாண்டினோம். பிறகு கேட்டார்.

“தப்புன்னு சொன்னியா இல்லியா?”

“சொன்னேண்ணே.”

“யாரு காதுல விழுந்துச்சு?”

படிப்பு போச்சு என்றே நினைத்தேன்.

“நாலு பேரு மெச்சட்டும்னு நாந்தான் சொன்னேன். மண்டபமே மெச்சிருச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு” என்றார். கொஞ்ச தூரம் போய், “இங்கயே இருந்தீன்னா உனக்குத் தப்பச் சொல்ல ஒருத்தன் கெடைக்க மாட்டான். போய்ப் படி. தப்பத் தப்புன்னு சொல்றவங்க இருக்கற எடத்துக்குப் போ” என்றார்.

போனேன். முதல் மாதமே என் நிரூபணம் ஒன்றின் மேல் சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்துக் கொடுத்தார்கள். கொண்டுவந்து அண்ணனிடம் காட்டினேன். “அப்பாடா” என்றார்.

மன்றம் இருந்த இடத்தில் இப்போது ஹோட்டல். அந்த அடுக்குமொழி போயிற்று. நடுரோட்டில் தும்மவைக்கும் மிளகாய் நெடியும் போயிற்று. அண்ணனும் மார்சிலிங் வீட்டில் இருந்தபடியே ஒருநாள் போய்விட்டார். இப்போது நான் என்ன உளறினாலும் பிள்ளைகள், “ஆமா, நீங்க சொன்னா சரிதான்” என்கிறார்கள். வயதுக்குக் கொடுக்கும் மரியாதையாம். தப்பு என்று சொல்ல எனக்கு இப்போது ஒருவரும் இல்லை.