மூன்று வினாடிச் சிரிப்பு

எவோதியோவின் கோபத்தை முதலிலிருந்து கடைசிவரை கூடவே இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால் இதை நான் சொல்வதுதான் நியாயம். மற்றவர்கள் ஏற்கெனவே ஒருமுறை சொல்லிக் கெடுத்தாகிவிட்டது.

புவெப்லா நகரத்தில் சந்தையின் பின்வாசலை ஒட்டி எங்கள் டாக்சி ஸ்டாண்டு. மொத்தம் பதினோரு வண்டிகள். ஏழாம் நம்பர் வண்டியை ஓட்டுகிற ரொசாவுரா நான். எவோதியோ தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து போனை எடுத்து, யார் எங்கே போக வேண்டும் என்று வண்டிகளை அனுப்புகிறவன். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணும் போயிற்று. இப்போது முப்பத்து மூன்று. எந்த வண்டி வருகிறது என்று எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான்.

"அக்கா, உன் வண்டி பெல்ட்டு முனகுது. மாத்திடு" என்பான். இரண்டு நாள் கழித்து மெக்கானிக்கும் அதையே சொல்லிக் கூலி வாங்குவான்.

சவாரி இல்லாத மத்தியானங்களில் கொட்டகையில் சண்டை விளையாட்டு நடக்கும். 'சாம்பல் முஷ்டி' என்று பெயர். அதன் மூன்றாம் பாகத்தில் எவோதியோவை ஜெயித்தவர் எங்கள் ஸ்டாண்டில் கிடையாது. ஒவ்வொரு சண்டைக்காரனின் காலடிச் சத்தமும் அவனுக்கு மனப்பாடம். இடது காதில் கேட்டால் இடப்பக்கம், வலது காதில் கேட்டால் வலப்பக்கம். அது போக, எதிராளி நெருங்க நெருங்க டிக் டிக்கென்று வேகமாக ஒலிக்கும் வசதி ஒன்றும் அதில் இருந்தது. அது போதும் அவனுக்கு. யாராவது "பாவம்" என்று வாயெடுத்தால் முழுநாளும் அவர்களுக்கு கூலி கட்டாத மலையடிவார சவாரியாகக் கொடுத்துப் பழி வாங்குவான்.

எட்டு வருடமாக அவன் யூடியூபில் டிரெய்லர்களுக்கு ரியாக்‌ஷன் போடுகிறான். புது விளையாட்டுக்கு டிரெய்லர் வந்ததும் போன் கேமரா முன்னால் உட்காருவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் ஓடுவதை அப்படியே சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தான்.

"அழகா இருக்குன்னு சொல்லாத, அக்கா. என்ன இருக்குன்னு சொல்லு. அழகா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்."

போன ஜூனில், விளையாட்டை ஓட்டுகிற பெட்டியான கன்சோல் ஒன்று புதிதாக வரப்போவதாக அறிவிப்பு வந்தது. 'சாம்பல் முஷ்டி' நான்காம் பாகம் அதில் மட்டும்தான் ஓடுமாம். மூன்றாம் பாகத்து ஆன்லைன் சண்டைகளையும் ஆண்டுக் கடைசியில் மூடப்போகிறார்களாம். லிமாவிலிருந்தும் மொந்தேர்ரேயிலிருந்தும் முகம் தெரியாத ஆட்கள் வந்து அவனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்ததெல்லாம் அத்தோடு முடிந்தது. இனி அவனுக்கு நான்காம் பாகம்தான் கதி. அதனால் அன்று காலையிலிருந்தே அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு வண்டிகளைத் தப்பான தெருவுக்கு அனுப்பிவிட்டான். டிரெய்லரைப் பார்ப்பதை வீடியோ எடுத்துப் போடுகிறவர்களுக்கு நிறுவனம் ஒரு போட்டி வைத்திருந்தது; அதற்கான குறிச்சொல்லை அவனும் போட்டிருந்தான்.

மத்தியானம் ஒரு மணிக்கு டிரெய்லர் ஓடியது. நான் சொல்லிக்கொண்டே போனேன்.

"எரிஞ்சுபோன ஊரு. மழை பெய்யுது. ஒருத்தன் நடந்து வர்றான். கண்ணை மறைச்சுத் துணி கட்டியிருக்கான். கையில கோலு. டேய், இவனுக்குக் கண்ணு தெரியாதுடா!"

"கண்ணு தெரியாதவனா? நம்ம ஆளு!" என்று கத்தினான். "கோலை எப்படிப் புடிச்சிருக்கான்?"

"வாள் மாதிரி தூக்கிப் புடிச்சிருக்கான்."

"அப்படிப் புடிச்சா ரோட்டை எங்க தாண்டுறது? முதல் பஸ்ஸே அடிச்சுட்டுப் போயிரும்."

நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், 'எவோதியோ, இது நீதான்!' என்று எழுதித் தள்ளினார்கள். அவனும் குஷியாகத்தான் இருந்தான். டிரெய்லர் முடிந்ததும், காதுக்கு உதவும் அந்த டிக் டிக் வசதி பற்றி ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று கேட்டான். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தேடிப் படித்தேன். அது இந்தப் பாகத்தில் இல்லை, பிற்பாடு யோசிப்போம் என்று இருந்தது. காலடிச் சத்தங்களையும் எடுத்துவிட்டு முழுக்க முழுக்க மேள இசை வைத்திருக்கிறோம், அனுபவம் பிரமாதமாக இருக்கும் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எவோதியோ சிரித்தான். நாற்காலியில் பின்னால் சாய்ந்து, வாயைத் திறந்து, நிறுத்தாமல் சிரித்தான். பிறகு பேச ஆரம்பித்தான்.

"குருடனை விளையாட்டுக்குள்ள போட்டுட்டான். குருடன் விளையாடத்தான் வழி இல்ல. என் கோலு வேணும், என் குருட்டுக் கண்ணு வேணும், நான் மட்டும் வேணாமா? டேய், யாருக்குடா பொம்மை செய்யறீங்க?"

பதினோரு நிமிடம் பேசினான். ஒரு வார்த்தை வீண் கிடையாது. என் ரத்தமும் கொதித்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் போனது. நிறுவனம் தன் பக்கத்தில் ஒரு வீடியோ போட்டது. உலகம் முழுக்க டிரெய்லரைப் பார்த்து மக்கள் எப்படித் துள்ளினார்கள் என்று வெட்டி ஒட்டிய வீடியோ. யாரோ எவோதியோவுக்கு அனுப்ப, அவன் என்னைக் கூப்பிட்டான்.

"என் சத்தம் கேக்குது அக்கா. என்ன இருக்கு, சொல்லு."

எட்டு வருடத்தில் அன்றுதான் பொய் சொல்ல ஆசை வந்தது. சொல்லவில்லை.

"ஒரு பொண்ணு அழுவுறா. அப்புறம் நீ வர்ற. 'நம்ம ஆளு'ங்கற. உடனே சாய்ஞ்சு சிரிக்கற. அவ்வளவுதான். அடுத்தது இரட்டைப் பசங்க."

"எத்தனை வினாடி?"

"மூணு."

"பாத்தா எப்படி இருக்கேன்?"

"சந்தோஷமா இருக்கடா."

பதினோரு நிமிடத்தைக் குப்பையில் போட்டுவிட்டு மூன்று வினாடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், பாவிகள்! அதை எடுக்கச் சொல்லி அவன் நிறுவனத்துக்கு நான்கு முறை எழுதினான். போட்டியில் கலந்துகொள்ளச் சொன்ன குறிச்சொல்லைப் போட்டு வீடியோ ஏற்றியதே உங்கள் சம்மதம்தான், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று ஒரே பதில் நான்கு முறை வந்தது. என்னை விட்டிருந்தால் அந்த நன்றியை எழுதிய விரலைத் தேடிப்போய் ஒடித்திருப்பேன்.

அதைவிடக் கொடுமை எங்கள் தெருவில் நடந்தது. சந்தைக்குப் போனால் காய்காரி முதல் லாட்டரிச் சீட்டு விற்கிறவன் வரை அவனைக் கட்டிப்பிடித்தார்கள். "உலகமே பாக்குதுப்பா உன்னை! என்ன சிரிப்பு!" என்றார்கள். அது கோபத்தில் சிரித்தது என்று அவன் விளக்கினான். அதற்கும் சிரித்தார்கள். கூச்சப்படுகிறானாம். ஸ்டாண்டு முதலாளி அபுந்தியோ அந்தச் சிரித்த முகத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொட்டகைச் சுவரில் மாட்டினார். எவோதியோ என் கையைப் பிடித்து, "எங்க இருக்கு?" என்று கேட்டான். அவன் விரலைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தேன். மூலையிலிருந்து இழுத்துக் கிழித்தான்.

"ஏம்ப்பா, நல்லாத்தானே இருந்த?" என்றார் முதலாளி. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

டிரைவர்களிடம் நானும் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். "அவனுக்கு அந்த விளையாட்டு ஆகாதுய்யா. அவனால ஆட முடியாது. எரிஞ்சுபோய்க் கெடக்கான்!" அவர்கள் என் கண்ணெதிரே போனை எடுத்து அந்த மூன்று வினாடியைப் போட்டுக் காட்டினார்கள். நான் சொல்வதைவிட அது பெரிய சாட்சியாகிவிட்டது.

நவம்பரில் புது கன்சோல் கடைக்கு வந்தது. அன்று நான் சோலுலாவுக்குச் சவாரி போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஸ்டாண்டில் மற்ற வண்டிகள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. என்னவோ ஏதோ என்று உள்ளே ஓடினேன். மேஜை மேல் ரிப்பன் கட்டிய பெட்டி. எனக்குத் தெரியாமல் எல்லோரும் சேர்ந்து புது கன்சோலும் நான்காம் பாகமும் வாங்கியிருக்கிறார்கள். டிரைவர் காஸ்துலோ எட்டு வருடத்துப் பழைய செருப்பை இன்னும் மாற்றாதவன். அவன்தான் முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"டேய் எவோதியோ, வீடியோல எவ்வளவு சந்தோஷமா இருந்த! நாங்க பாத்தோம்ல? உனக்கு வாங்கித் தராம வேற யாருக்குடா வாங்குவோம்?"

எவோதியோ பெட்டியைத் தடவினான். அந்த நிறுவனத்துக்காரன் எதிரே நின்றிருந்தால் என்ன செய்திருப்பானோ, எனக்குத் தெரியும். ஆனால் நின்றது இவர்கள்.

"சரி, மச்சான். போடு."

அவனுக்குக் கண்கட்டுச் சண்டைக்காரனையே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். எதிரே காஸ்துலோ. எங்கள் ஸ்டாண்டிலேயே படுமோசமாக ஆடுகிறவன் காஸ்துலோதான். மேளம் அதிர ஆரம்பித்தது. எவோதியோ தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். பிடித்துக்கொள்ள ஒரு சத்தம்கூட அதில் இல்லை. கண்கட்டுக்காரன் வெறுங்காற்றை உதைத்துக்கொண்டே அடி வாங்கினான். முக்கால் நிமிடத்தில் கதை முடிந்தது.

"முதல் தடவைதானே, பழகிக்குவான்" என்றார் முதலாளி.

இரண்டாவது சுற்று. காஸ்துலோவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு காணாமல் போயிருந்தது. அவன் ஆட்டிய சண்டைக்காரன் பாதியில் சும்மா நின்றான். எவோதியோ உதைத்த உதைகளில் ஒன்று பட்டது, பிறகு இன்னொன்று, பிறகு வரிசையாக நான்கு. கண்கட்டுக்காரன் ஜெயித்தான். கொட்டகை அதிரும்படி எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி விசில் அடித்தார்.

எவோதியோ கையிலிருந்த பட்டன் கருவியை மேஜை மேல் வைத்தான்.

"காஸ்துலோ."

"என்னடா?"

"உன் கையில பட்டன் சத்தம் நின்னு போச்சு."

கைதட்டல் ஓய்ந்தது. காஸ்துலோ என்னைப் பார்த்தான். நான் அவனைக் காப்பாற்றப் போகவில்லை.

"சும்மா... விளையாட்டுதானடா" என்றான்.

"எட்டு வருசமா என்கிட்ட தோக்கற. கெட்ட வார்த்தையால திட்டுவ, மேஜையக் குத்துவ, இன்னொரு ஆட்டம்னு உயிரை வாங்குவ. இன்னிக்கு வரைக்கும் ஒரு நாள் கூட நீ எனக்கு விட்டுக் குடுத்ததில்லடா."