உறவைச் சொல்லக் கூடாது

பொம்மனஹள்ளி வீட்டிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன் அலுவலகம் வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். பஸ்ஸில் நின்றபடி ஓசூர் ரோடு நெரிசலைத் திட்டித் தீர்த்து, மெட்ரோ ஏறி இறங்கி, கடைசியில் ஆட்டோக்காரரிடம் பாதி கன்னடம் பாதி தமிழில் மல்லுக்கட்டி, ஒருவழியாக நாற்காலியில் உட்காருவேன். ஒரு பொத்தானை அழுத்தினால் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலை மாவட்டம் ஒன்று திரையில் வந்து நிற்கும். "தினம் ஆப்பிரிக்கா போயிட்டு வர்ற, எங்க வூட்டுக்கு வர்றதுன்னா மட்டும் உனக்கு டிராஃபிக்கு" என்று அத்திபெலேயில் இருக்கும் என் தங்கை கேலி செய்வாள்.

எங்களுடையது சின்ன தொண்டு நிறுவனம். தூரத்து நாடுகளில் சின்னச் சின்ன சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்க்கும் செவிலிகளுக்கு, பெங்களூரிலிருக்கும் மருத்துவர்கள் இணையம் வழியாகப் பாடம் எடுப்பார்கள். புதன்கிழமை மதியம் வகுப்பு. அதை நடத்திவைப்பது என் பொறுப்பு. யாருடைய மைக் திறந்து கிடந்து பின்னால் கோழி கத்துகிறதோ, அதைத் தேடி மூட வேண்டும். கேள்விகளைத் திரட்டித் தர வேண்டும். நேரம் முடிந்தால் மருத்துவர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நன்றி சொல்லி முடித்துவைக்க வேண்டும். சேர்ந்த புதிதில் எனக்கு இருந்த பெருமையைக் கேட்காதீர்கள். இங்கே ஒரு டாக்டர் வாய் திறந்தால் அங்கே ஒரு தாய் பிழைக்கிறாள் என்று வீட்டில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் எல்லாம் அளந்திருக்கிறேன். இப்போது யாராவது என்ன வேலை என்று கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவரை நான் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். அங்கேயும் செவிலியை அப்படித்தான் அழைக்கிறார்கள். ஐம்பதை நெருங்கியவர். அவருடைய சுகாதார நிலையத்தில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுக்கு ஏறிப்போய், ஒரு குடையை விரித்துக்கொண்டு, அதன் அடியில் உட்கார்ந்து பாடம் கேட்பார். வகுப்பு முடிந்ததும் எனக்கு வாட்ஸாப்பில் எழுதுவார். எங்கள் இரண்டு பேருக்கும் ஆங்கிலம் கொஞ்சம் நொண்டிதான், அதனாலேயே பயமில்லாமல் எழுதிக்கொண்டோம். அவருக்கு ஒரே மகள். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவது அவர்களிடத்திலும் உண்டாம். மகள் வந்துவிட்டாள், சமைத்துப் போட்டு மாளவில்லை என்று அலுத்துக்கொள்வதுபோல் எழுதி, கூடவே மகளின் படத்தையும் அனுப்பியிருந்தார். கதவு நிலையில் சாய்ந்து, வயிற்றின்மேல் ஒரு தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டபடி சிரிக்கிற பெண். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதைப் பற்றி ஒரு பாடம் நடந்தது. பாடம் எடுத்த டாக்டரம்மா அருமையாக எடுத்தார். தலைவலி, முகவீக்கம், கண் மங்கல், உடனே மெக்னீசியம் ஊசி, உடனே பெரிய ஆஸ்பத்திரி. சிஸ்டர் எழுத்தில் கேள்வி போட்டார். தன் நிலையத்தில் அந்த ஊசி தீர்ந்துவிட்டது, மாவட்டத்திலும் இல்லை, இப்போது வலிப்பு வந்தால் என்ன செய்வது? நேரம் முடிந்துவிட்டதால் அந்தக் கேள்வி 'பிறகு பதிலளிக்கப்படும்' என்ற பெட்டிக்குள் போனது.

நான் விடவில்லை. இயக்குநரின் அறைக்குப் போய் நின்றேன். ஊசி வாங்கி அனுப்ப ஏதாவது வழி உண்டா, பணம் தருகிற வெளிநாட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்றேன். அவர் கெட்டவர் இல்லை, அலுத்துப்போனவர். "நாம அறிவைத்தாம்மா குடுக்கறோம். மருந்து குடுக்கற ஆளுங்க வேற. அது நம்ம ஸ்கோப்லயே இல்ல" என்றார். அந்த ஸ்கோப் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அங்கே போகவிருந்த பயிற்சியாளர் ஒருவரிடம் பெட்டியில் எடுத்துப்போகச் சொல்லிக் கேட்டுப்பார்த்தேன். சுங்கத்தில் பிடித்தால் யார் பதில் சொல்வது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் எங்கள் அமைப்பு சும்மா இருந்துவிடவில்லை. மருந்து இல்லை என்று சொன்ன சிஸ்டரை, மருந்து இருப்பை நிர்வகிப்பது எப்படி என்ற வகுப்பில் சேர்த்துவிட்டார்கள்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். சிஸ்டர் மறுபேச்சு பேசாமல் மேடேறி அந்தப் பாடங்களையும் கேட்டார். எந்த மருந்து எப்போது தீரும் என்று முன்கூட்டியே கணக்கிடுவதில் தேறினார். சான்றிதழ் போனது. ஊசி போகவில்லை. ஆப்பிரிக்கா என்றால் அப்படித்தான் என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். நான் தருமபுரிக்காரி. எங்கள் பக்கத்து மலைகளில் பிள்ளைத்தாய்ச்சியைத் துணித்தொட்டிலில் போட்டு நான்கு பேர் தூக்கி இறங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிறகு அங்கே பெருமழை. சிஸ்டர் வகுப்புக்கு வரவில்லை, வாட்ஸாப்பிலும் ஆளைக் காணோம். நான் அனுப்பியவை ஒற்றை டிக்கோடு நின்றன. கோபுரம் விழுந்திருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். ஒரு நாள் காலை பஸ்ஸில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. மகள் போய்விட்டாள் என்று எழுதியிருந்தார். குழந்தை இருக்கிறது, ஆண் குழந்தை. முதலில் தலைவலி என்றாளாம். அதற்கு முந்தின நாளே ரோட்டை வெள்ளம் அடித்துப்போயிருந்தது, வண்டி வர வழியில்லை, ஊசியும் இல்லை. வலிப்பு வந்தபோது மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர வேறெதுவும் செய்ய முடியவில்லை என்று எழுதியிருந்தார். நான் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முன்சீட்டுப் பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. முறை வைத்து ஒவ்வொரு செவிலியும் தான் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிப் பேச வேண்டும், மருத்துவர் கருத்துச் சொல்வார். நோயாளியின் பெயர் சொல்லக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது, சொந்தமாக இருந்தால் உறவையும் சொல்லக் கூடாது. வயது, எத்தனையாவது பிரசவம், அறிகுறி, சிகிச்சை, முடிவு, அவ்வளவுதான். ரோடு உடைந்தது, மருந்து இல்லை என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. கடைசி ஸ்லைடு 'கற்றுக்கொண்டது'. அதைக் காலியாக விட்டு, மருத்துவர் சொன்னதைக் கேட்ட பிறகு நிரப்பி அனுப்ப வேண்டும். அடுத்த புதன் சிஸ்டரின் முறை. தேவையில்லை, வேறு ஆளைப் போடுகிறேன் என்று எழுதினேன். தான் பேசப்போவதாகவும் மகளைப் பற்றித்தான் பேசப்போவதாகவும் பதில் வந்தது. அது மகள் என்று நான் யாரிடமும் சொல்லக் கூடாதாம். ஏன் என்று கேட்டேன்.

"தெரிந்தால் ஆறுதல் சொல்வார்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம். நான் எதைத் தவறவிட்டேன் என்று தெரிய வேண்டும்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். புதன்கிழமை வந்தது. சிஸ்டர் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார். இருபத்தொரு வயது, முதல் பிரசவம் என்று ஆரம்பித்தார். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. நான்தான் மேசைக்கடியில் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தேன். முடித்ததும் டாக்டரம்மா தெளிவாகச் சொன்னதற்குப் பாராட்டினார். ஊசி ஏன் போடவில்லை என்று கேட்டார். இருப்பில் இல்லை என்றார் சிஸ்டர். டாக்டரம்மா தலையாட்டிவிட்டு, எல்லோருக்கும் பாடமாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான், அதைச் சொன்னார்.

"தலைவலி தொடங்கிய அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும், சிஸ்டர். இந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்கலாம்."

ரோடு உடைந்ததைச் சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று சிஸ்டருக்குத் தனியாகத் தட்டினேன். அது கேஸில் இல்லை என்று பதில் வந்தது. பிறகு அவர் டாக்டருக்கு நன்றி சொன்னார். வழக்கப்படி திரை முழுக்கக் கைதட்டும் பொம்மைகள் மிதந்தன.

டாக்டரம்மாவின் வீடு எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. தாத்தா காலத்தில் அரசாங்க வேலைக்கு வந்து பெங்களூரிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வகுப்பை முடித்த கையோடு அங்கே போனேன். வாக்குக் கொடுத்ததை மீறுகிறோம் என்று தெரிந்தேதான் போனேன். அந்த வாக்கியம் ஒரு தாயின் தலையில் அப்படியே உட்காருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் அப்போதுதான் லேப்டாப்பை மூடியிருந்தார். கூடத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். "அய்யோ தேவ்ரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, மொதல்லயே எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொல்லாதன்னு கேட்டுக்கிட்டாங்க மேடம்."

"ரோடும் இல்ல, ஊசியும் இல்லன்னா, நானே அங்க இருந்திருந்தாலும் என்னம்மா பண்ணியிருப்பேன்? போன் போடு. இப்பவே போடு."

பல தடவை முயன்ற பிறகு மணி அடித்தது. டாக்டரம்மா என் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டேன், உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பேசப்பேச அவர் குரல் உடைந்தது. சிஸ்டர் இன்னும் அந்த மேட்டில்தான் இருந்தார் போலிருக்கிறது, பின்னால் காற்று அடித்தது. அப்புறம் சிஸ்டர் பேசினார்.

"டாக்டர், தெரியாமல் இருந்தபோது நீங்கள் டாக்டராகச் சொன்னீர்கள். இப்போது அம்மாவாகச் சொல்கிறீர்கள். நான் டாக்டரிடம்தான் கேட்டேன்."

முதுகில் கட்டியிருக்கும் குழந்தை அழுகிறது என்று சொல்லி வைத்துவிட்டார். டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் உள்ளே எழுந்து போனார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கண்ணில் பட்டவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். அன்று பஸ்ஸில் என் காலை மிதித்த ஒரு ஆளைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மறுநாள் விதிப்படி கடைசி ஸ்லைடை நிரப்பி அனுப்பியிருந்தார். 'கற்றுக்கொண்டது' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: தலைவலி தொடங்கிய அன்றே அனுப்பியிருக்க வேண்டும். எல்லாச் செவிலிகளும் பார்க்கிற இடத்தில் அதை நான்தான் ஏற்ற வேண்டும். மனசு கேட்கவில்லை. அந்த வரியை அழித்து, தலைப்பை மட்டும் விட்டு ஏற்றினேன்.

மாலை சிஸ்டரிடமிருந்து செய்தி வந்தது.

"எங்கள் பக்கம் சிக்னல் சரியில்லை போலிருக்கிறது. கடைசி வரி வந்து சேரவில்லை. மறுபடி அனுப்புகிறேன்."