பச்சை முகம்

பதினாறு வயது மகள் என் முகத்தைப் பச்சையாக வரைந்திருந்தாள். "நான் என்ன ஹாலோவீன் பேயா? காலேஜ் அப்ளிகேஷன்ல போகப்போற படம். ஒழுங்கா மாத்தும்மா!" என்றேன். அவள் அதன் மேலேயே பழுப்பு நிறத்தைப் பூசிவிட்டாள்.

சன்னிவேலில் உள்ள அவள் பள்ளிக்கு நான் போனபோது, முன்பு பார்த்த பச்சை முகம் எங்கே என்று ஓவிய ஆசிரியை கேட்டார். அது ஃபாவிசம் என்ற பிரெஞ்சு ஓவியப் பாணியாம். கண்ணுக்குத் தெரியும் நிறத்தை விட்டுவிட்டு, மனதுக்குத் தோன்றும் நிறத்தைத் தீட்டுவார்களாம். மகள் எழுதிய குறிப்பையும் காட்டினார்: 'அப்பா பக்கத்தில் இருந்தால் மரநிழலில் இருப்பதுபோல் இருக்கும்.'

வீடு திரும்பியதும், "மறுபடியும் பச்சையே அடிச்சிடும்மா" என்று கெஞ்சினேன்.

"இட்ஸ் ஓகே அப்பா. இப்போ அந்தக் கலர் தோணல."

கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பவர்கள், அச்சு அசல் நான்தான் என்கிறார்கள். எனக்கு அதை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.