காற்றுக்குக் காது கொடுத்தவன்

"பெயர்: ஸ்டானிஸ்லாஸ். வேலை: மோட்டார் டிரைவர், தற்காலிகம். வயது: முப்பத்தாறு. ஒழுக்கம்: திருப்தி. பார்வை: நன்று. செவி: மிகக் கூர்மை."

மைசூர் சமஸ்தானத்தில் பயணம் வரும் அதிகாரிகள் தங்கும் முசாபரி பங்களாக்களை மேற்பார்வை பார்த்த ஒரு சிறிய அலுவலகத்தின் பதிவேட்டில், 1936ஆம் ஆண்டில், இப்படித்தான் எழுதியிருந்தது. கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் கிட்டத்தட்ட உண்மை.

ஸ்டானிஸ்லாஸுக்கு வலக்காது அறவே கேட்காது. டிரைவர் ஆவதற்கு முன்னால் எட்டு வருடம் கல்குவாரியில் வெடி வைத்த புண்ணியம். இடக்காதில் கொஞ்சம் விழும். குளத்துக்குள் மூழ்கியிருப்பவனுக்குக் கரையில் நடக்கும் சண்டை விழுவதைப் போல. ஆனால் அவனுக்கு உதடு படிக்கத் தெரியும். தமிழ், கன்னடம் இரண்டிலும் படிப்பான். ஆங்கிலத்தில் அதிகாரிகள் திட்டும் பகுதி வரைக்கும் படிப்பான். வேலைக்குச் சேர்ந்த நாளில் டாக்டர் அவன் முதுகுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, "மேல்சட்டையைக் கழற்று" என்று கிசுகிசுத்தார். எதிரே இருந்த மருந்து அலமாரியின் கண்ணாடியில் டாக்டரின் வாய் பளிச்சென்று தெரிந்தது. ஸ்டானிஸ்லாஸ் சட்டையைக் கழற்றினான். அரசாங்கம் ஏமாறுவதற்கு ஓர் அலமாரி போதும்.

அந்த அலுவலகத்தின் கார் 1924ஆம் வருடத்து மூடு கார். ஒரு காப்பித் தோட்டத்துத் துரை ஓட்டித் தேய்த்துவிட்டு, தேய்ந்தது தெரியாமல் வர்ணம் அடித்து சர்க்கார் தலையில் கட்டியது. மரச்சட்டங்கள் காய்ந்து சுருங்கிவிட்டன. ஜன்னல் கண்ணாடி ஓடும் பள்ளத்திலிருந்த கம்பளித்துணியைக் கரப்பான் தின்றுவிட்டது. மணிக்கு இருபத்தைந்து மைலைத் தாண்டினால் இடுக்கெல்லாம் காற்று புகுந்து கார் ஊளையிடும். முப்பதில் உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் ஊமை ஆகிவிடுவார்கள்.

இந்த ஊளையில்தான் ஸ்டானிஸ்லாஸ் புகழ் பெற்றான். தலைக்கு மேலே சவரக் கண்ணாடி ஒன்றை மாட்டியிருந்தான். பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க என்று சொன்னான். பின்னால் வந்தவை எல்லாம் ஜட்கா வண்டிகள்; அவற்றைப் பார்க்க அவசியமே இல்லை. ஒருநாள் நஞ்சன்கூடு சாலையில், காற்று காதைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, பின்சீட்டில் இருந்த சூப்பரிண்டென்ட் ரத்தினசாமி முதலியார் தனக்குத்தானே, "நாக்கு வறளுது" என்று முணுமுணுத்தார். கார் ஓர் இளநீர்க் கடை முன்னால் நின்றது.

"எனக்கே கேக்கல, உனக்கு எப்படிப்பா கேட்டுது?"

"பழக்கந்தான் சாமி."

அன்று சாயங்காலமே பதிவேட்டில் "செவி: நன்று" என்று இருந்ததை அடித்து "மிகக் கூர்மை" என்று திருத்தினார் முதலியார். இப்படியாக, மற்ற எல்லோரையும் செவிடாக்கிய ஒரு காரில், செவிடனுக்கு மட்டும் காது கேட்டது.

முதலியாரின் கஷ்டம் வேறு. பன்னிரண்டு வருடமாக ஒரே கிரேடில் இருந்தார். மேலிடத்துச் செகரட்டரி வருடத்துக்கு ஒருமுறை பங்களாக்களைப் பார்க்க வருவார். அவரைக் காரில் தனியாகப் பிடித்தால்தான் உண்டு. போன வருடம் பிடித்தார். "பதினோரு வருஷமா ஒரே கிரேடு, சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். செகரட்டரி புன்னகையோடு, "ஆமா, தூசி ஜாஸ்தி!" என்று கத்தினார்.

இந்த வருடமும் செகரட்டரி வருகிறார். வெள்ளிக்கிழமை குண்டலுபேட்டை பங்களாவுக்குப் போகிறார் என்று திங்கட்கிழமை தகவல் வந்தது. முதலியார் டிரைவரைக் கூப்பிட்டார்.

"ஸ்டானி, இந்தக் கார்ல காத்துச் சத்தம் நிக்கணும். கிசுகிசுன்னு பேசினா கேக்கணும். உன் காதுக்கு எங்கெங்க ஓட்டைன்னு தெரியாதா? முடிச்சுட்டா உன்னை பர்மனன்ட் பண்ணிடறேன். இல்லேன்னா, தற்காலிகம்னு எதுக்கு எழுதி வெச்சிருக்கு?"

மண்டி மொஹல்லா சந்துக்குள் இருந்த வீட்டுக்கு ஸ்டானிஸ்லாஸ் முகம் தொங்கிப்போய் வந்தான். அவன் மனைவி மோலி விளக்கைத் தன் முகத்துக்கு நேரே தள்ளி வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் பேச்சு தொடங்குவது அப்படித்தான்.

"என்னவாம்?"

சொன்னான். மோலி சிரித்த சிரிப்பில் விளக்கு ஆடியது.

"ஊர்ல ஆளே கிடைக்கலையா அவருக்கு? நான் 'அரிசி இல்ல'ன்னு கத்தினா, 'ஆமா, மழை வரும்'னு சொல்ற மனுசன் நீங்க."

"சத்தம் போனா அவங்க மெதுவாப் பேசுவாங்க, மோலி. வாயைச் சரியா அசைக்க மாட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. சத்தம் போகலேன்னா வேலை போயிடும்."

"போனா போகுதுன்னு விடறதுக்கு நாம என்ன ஜமீனா? சத்தத்தை நான் கேக்கறேன். அடைக்கறதை நீங்க அடைங்க."

மறுநாள் காலை, பரிசோதனை ஓட்டம் என்று எழுதி வைத்துவிட்டு, காரை எடுத்தான். பின்சீட்டில் மோலி. அவள் கையில் ஒரு கட்டு ஊதுபத்தி. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள் கை நிறைய ஊதுபத்தியோடு சர்க்கார் காரில் ஏறியதைப் பார்த்த எதிர்வீட்டு மாதேவி, சாமுண்டி மலைக்கு வேண்டுதல் போலிருக்கிறது என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள்.

முப்பது மைல் வேகம். கொளுத்திய ஊதுபத்தியின் புகை நேராக எழுந்து, ஓரிடத்தில் வெடுக்கென்று வளைந்து ஓடும். அங்கே ஓட்டை. மோலி சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவாள். பிறகு கண்ணாடியைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக வாயசைத்துச் சொல்வாள்.

"இங்க விசிலடிக்குது. இந்த மூலைல எருமை கத்துது. கதவுக்கடியில உங்க அக்கா அழற மாதிரி."

"அக்காவை எதுக்கு இழுக்கற?"

"அதே சத்தம்ங்க, நான் என்ன பண்ண?"

பதின்மூன்று கோடுகள். ஜட்காக்களுக்குச் சேணம் தைக்கும் சித்தையனிடம் போய், குதிரை முதுகில் சேணத்துக்கு அடியில் போடும் தடித்த கம்பளிப் பட்டையில் பழையது கேட்டு வாங்கினான். அதை மெல்லிசாகக் கீறி ஜன்னல் பள்ளங்களில் வஜ்ரப் பசை காய்ச்சி ஒட்டினான். கதவு விளிம்புகளுக்கு லாந்தர் திரி. முன்கண்ணாடியின் அடியில் கிழிந்த சைக்கிள் ட்யூப். பெடல் எழும்பும் துவாரங்களுக்குத் தன் பழைய பூட்ஸின் நாக்கையே அறுத்து வைத்தான். புதன்கிழமை மறுபடி ஓட்டம், இன்னும் இரண்டு இடத்தில் புகை வளைந்தது, அவற்றையும் அடைத்தான். மூன்றாவது ஓட்டத்தில் புகை கடைசிவரை நேராக நின்றது. மோலி கண்ணாடியைப் பார்த்து, "எஞ்சின் மூச்சு விடறதுதான் கேக்குது" என்றாள். ஸ்டானிஸ்லாஸுக்கு முதல் ஓட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் சொன்னதை நம்பினான்.

வியாழக்கிழமை முதலியார் தானே ஏறிச் சோதித்தார். மார்கழிக் குளிர், மூக்குவரை மப்ளர். ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடியைப் பார்த்தான். வாயே இல்லை. மப்ளர் இரண்டு முறை ஆடியது, மூன்றாம் முறை வேகமாக ஆடியது. முதுகில் ஒரு குத்து விழுந்தது. முதலியார் மப்ளரை இறக்கியிருந்தார்.

"மூணு தடவை கேட்டேன்! காது அடைச்சுக்கிச்சா?"

ஸ்டானிஸ்லாஸ் கண்ணைச் சாலைக்குத் திருப்பினான். "இல்ல சாமி. எங்கியாவது காத்து வருதான்னு அதுக்குக் காது கொடுத்திட்டிருந்தேன்."

முதலியார் நெகிழ்ந்துபோனார். இப்படி ஓர் ஈடுபாடா! ஒரே ஒரு குறைதான் சொன்னார்: வெயில் ஏறினால் காரில் குதிரை நாற்றம் அடிக்கிறது.

வெள்ளிக்கிழமை செகரட்டரி ஏறினார். அவருக்கு வாயை முழுசாக மூடும் மீசை. ஸ்டானிஸ்லாஸ் அதைப் பார்த்த நொடியே, இன்றைக்குப் பாதிப் பேச்சுதான் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டான்.

மைசூரைத் தாண்டியதும் முதலியார் வாய் திறந்தார். கத்துவதற்காகவே ஒத்திகை பார்த்த பேச்சை மெதுவாகப் பேசவேண்டி வந்ததில் திணறினார். "பதினோரு வருஷம்... இப்ப பன்னெண்டு... பெண்ணுக்குக் கல்யாணம்..." கண்ணாடியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. செகரட்டரி வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினார். தூசி என்று சொல்லத்தான் பார்த்திருப்பார். ஆனால் கார் அமைதியாக ஓடியது. கேட்கவில்லை என்று பாவனை செய்ய வழியே இல்லை. அத்தனை வருடம் அவரைக் காப்பாற்றிய காற்றை ஒரு டிரைவர் குதிரைக் கம்பளியால் அடைத்துவிட்டான். ஆகவே அவர் பதில் சொல்லவேண்டியதாயிற்று.

மீசை நாலைந்து முறை அசைந்தது. என்ன சொன்னது என்று ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரியவில்லை. ஆனால் முதலியாரின் முகம் சுருங்கி, "அந்த மேல் கிரேடு உங்க மாப்பிள்ளைக்கா, சார்?" என்று உதடு அசைந்தபோது, மிச்சத்தைத் தெரிந்துகொள்ள யாருக்கும் காது வேண்டியிருக்கவில்லை.

குண்டலுபேட்டையில் செகரட்டரியை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். பாதி வழியில் முதலியார் முன்னால் குனிந்து, கண்ணாடிக்கு நேராக முகத்தை நீட்டினார். தான் கெஞ்சியதை ஒருவன் கேட்டுவிட்டான், நாளைக்கு அலுவலகம் முழுக்கச் சிரிக்கும் என்ற பயம் அந்த முகத்தில் இருந்தது.

"ஸ்டானி. நாங்க பேசினதெல்லாம் உன் காதுல விழுந்துதா?"

"மாதா சத்தியமா, ஒரு வார்த்தைகூட என் காதுல விழலீங்க சாமி."

வேலைக்குச் சேர்ந்த பிறகு அவன் தன் காதைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அது. முதலியார் அதைப் பெருந்தன்மையான பொய் என்று எடுத்துக்கொண்டார், கண் கலங்கினார். சனிக்கிழமை பதிவேட்டில் "தற்காலிகம்" அடிபட்டது. பக்கத்தில் எழுதினார்: "செவி மிகக் கூர்மை, எனினும் கேட்கத் தகாததைக் கேளாதிருக்கும் அரிய பண்புடையவன்." மோலியின் காதுகளைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை.

பதிவேடு புகழ்ந்த ஸ்டானிஸ்லாஸ் செய்தது இவ்வளவுதான்: மனைவி சுண்ணாம்பால் காட்டிய பதின்மூன்று இடங்களையும், மறுநாள் கண்ட இன்னும் இரண்டையும் அடைத்தான்.