கூட்டிவரப் போன அன்னப்பூரணி

என் மச்சாள் அன்னப்பூரணி மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாற்றில் நண்டு விற்பவள். காலையில் வாவிக்கரையில் தோணிகள் ஒதுங்கும்போது நண்டும் இறாலும் வாங்குவாள். கூடையை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு களுவாஞ்சிக்குடி வரைக்கும் போய் விற்பாள். அவளிடம் ஒருமுறை விலை குறைக்கக் கேட்டவர்கள் மறுமுறை கேட்டதில்லை. "வாவிக்குள்ள இறங்கி நீங்களே புடிங்களன், சும்மா கிடைக்கும்" என்பாள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவளுக்கு முன்னால் நான் ஊமை. என் அண்ணன் கனகசிங்கம் இருபத்திரண்டு வருசமாக அவளோடு குடும்பம் நடத்துகிறார். அவர் பேசி நான் கேட்டது குறைவு, பாவம்.

அவளை ஊமையாக்கிய காலம் ஒன்று உண்டு. அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். சண்டைக்கென்று இயக்கம் பிள்ளை பிடிக்கிற காலம். வீட்டுக்கு ஒரு பிள்ளை தா என்று வந்து நின்றார்கள். அவளுடைய தகப்பன் அவளைத் தோணியில் ஏற்றிப் போய், வாவிக்கு நடுவே இருக்கும் கண்ணா மரச் சதுப்புக் காட்டுக்குள் பதினொரு நாள் ஒளித்து வைத்தார். அட்டையும் நுளம்பும் கடித்து உடம்பெல்லாம் வீங்கி வந்தாள். பள்ளிக்கூடம் அதோடு சரி.

அப்படிப்பட்டவளின் ஒரே மகள் மேனுகா, ஒருவருக்கும் சொல்லாமல் பொலிசுக்கு விண்ணப்பம் போட்டு, தெரிவாகியும் விட்டாள். கடிதம் வந்த அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை.

"பயிற்சிக்கெண்டு கொண்டு போயிருவாங்கள் எண்டு புள்ளய ஒளிச்சு வெச்ச குடும்பம்டி இது! நீ பெட்டியக் கட்டிக்கொண்டு நீயாப் போறியா?"

"அது புடிச்சிட்டுப் போனதம்மா. நான் கேட்டுப் போறன்" என்றாள் மேனுகா.

நான் சும்மா இருந்திருக்கலாம். "முழுக்க நனைஞ்ச பிறகு கூதல் என்ன மச்சாள், விடு, போகட்டும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். ஒரு கிழமை என்னோடு அவள் கதைக்கவில்லை. நண்டும் தரவில்லை.

மலைநாட்டுப் பக்கம் ஒரு முகாமில் ஆறு மாதப் பயிற்சி. கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து நிமிசம் கதைக்கலாம். முதல் ஞாயிறு மேனுகா "அம்மா" என்றாள், இவள் "மகள்" என்றாள். பிறகு இரண்டு பேரும் ஐந்து நிமிசம் அழுதார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு, "ஏலாதம்மா. கால் ரெண்டும் கொப்புளம். சொல்லுறது ஒண்டும் விளங்குதில்ல, எல்லாம் சிங்களம்" என்றாள். மூன்றாம் ஞாயிறும் நான்காம் ஞாயிறும் அதே அழுகைதான். அண்ணன் எழும்பித் தோணிக்குப் போய்விடுவார். ஊரில் வாய் சும்மா இருக்குமா? "பொம்புளப் புள்ளய பொலிஸ் உடுப்புப் போட அனுப்பினா இப்பிடித்தான்" என்று ஒருத்தி சந்தையில் என் காதுபடச் சொன்னாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை எழுத முடியாது.

ஐந்தாம் ஞாயிறு அழைப்பே வரவில்லை.

ஆறு கிழமைக்குள் தாயோ தகப்பனோ வந்து கையெழுத்து வைத்தால் பிள்ளையைக் கூட்டிப் போகலாம், அதற்குப் பிறகு விடமாட்டோம் என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரு கிழமை. திங்கட்கிழமை அன்னப்பூரணி என் வாசலில் வந்து நின்றாள். நான் எட்டு வருசம் கட்டுநாயக்கா கார்மென்டில் தைத்தவள், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

"வா மச்சாள். போய் என்ட புள்ளயக் கூட்டிட்டு வருவம். நீ கதை, நான் கையெழுத்து வெக்கன்."

எனக்கு அவளை ஏசத் தோன்றியது. முகத்தைப் பார்த்ததும் ஏச்சு வரவில்லை. விடியப்புறம் பஸ் ஏறினோம். வழியில் பிபிலையில் நான் வாங்கிக் கொடுத்த தேநீரைக் கையில் வைத்தபடி ஆறவிட்டாள்.

வாசலில் ஒரு பெண் சார்ஜன் நின்றாள். என் சிங்களத்தைக் கேட்டு முகம் கொஞ்சம் இளகியது. பிள்ளைகள் மைதானத்தில் நிற்கிறார்கள், பயிற்சி முடியும் வரை கம்பிவேலி ஓரமாக இருங்கள் என்றாள். இருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் ஒரு மதில் இருந்தது. ஆறடிக்குக் குறையாது. பிள்ளைகள் வரிசையாக ஓடி வந்து, தொங்கி, ஏறி, அந்தப் பக்கம் குதித்தார்கள்.

"அந்தா, புள்ள!" என்று என் கையைப் பிடித்தாள் மச்சாள். பிடித்த இடம் இரண்டு நாள் நொந்தது.

மேனுகா கறுத்து மெலிந்திருந்தாள். ஓடி வந்து மதிலின் விளிம்பைப் பிடித்தாள். கையாலேயே உடம்பை இழுக்கப் பார்த்தாள். சறுக்கி விழுந்தாள். எழும்பி மறுபடியும் ஓடி வந்தாள், மறுபடியும் விழுந்தாள். முழங்கையில் இரத்தம் தெரிந்தது.

"போதும் மகள், விட்டுரு. அம்மா வந்திட்டன்" என்று இவள் தனக்குள்ளேயே முணுமுணுத்தாள்.

அப்போது மைதானத்தில் நின்ற பயிற்றுநர் சார்ஜனைப் பார்த்துச் சிரித்தபடி சிங்களத்தில் ஏதோ சொன்னார். "என்னவாம்?" என்றாள் மச்சாள். நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். என் வாய் எந்த நாளில் அடங்கியது?

"மட்டக்களப்புப் புள்ளைக்கு இண்டைக்கும் ஏலாதாம். ஐஞ்சு நாளா இதே கதைதானாம்."

அன்னப்பூரணி எழும்பினாள். வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். தெருவின் ஒரு முனையில் நின்று மறுமுனைக்கு நண்டு விற்கிற அந்தத் தொண்டையைத் திறந்தாள்.

"அடியே மேனுகா! கையால இழுக்காத! தோணியில எப்பிடி ஏறுவாய்? வயித்தப் போடு! வயித்தப் போட்டுக் காலத் தூக்கு!"

மைதானம் அப்படியே நின்றுவிட்டது. மேனுகா திரும்பிப் பார்த்தாள். தாயைக் கண்டாள். நான் நினைத்தேன், இதோ அழப்போகிறாள், ஓடி வரப்போகிறாள், எல்லாம் முடிந்தது என்று.

அவள் பின்னுக்குப் போனாள். ஓடி வந்தாள். எங்களூரில் நடுவாவியில் தண்ணீருக்குள் நிற்பவர்கள் தோணியில் எப்படி ஏறுவார்கள்? எம்பி, வயிற்றை விளிம்பில் போட்டு, தோணி ஆடும் முன் காலைச் சுழற்றி உள்ளே விழுவார்கள். நடக்கப் பழகியதில் இருந்து அவள் அப்படித்தான் தகப்பனின் தோணியில் ஏறியவள். எம்பினாள். வயிற்றைப் போட்டாள். கால் சுழன்றது. ஆள் அந்தப் பக்கம்!

பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்திக் கை தட்டினார்கள். நானும் கத்தினேன், பொய் சொல்வானேன். பயிற்றுநர் மேனுகாவை இன்னொரு முறை ஏறச் சொன்னார். ஏறினாள். மூன்றாம் முறை அவர் சொல்லாமலே ஏறினாள், திமிர் பிடித்தவள்.

சார்ஜன் வேகமாக எங்களிடம் வந்து, மைதானத்துக்குள் கத்தக் கூடாது தெரியாதா என்று ஏசினாள். ஏசி முடித்து, அது என்ன முறை, இவள் என்ன சொன்னாள் என்று கேட்டாள். நான் தோணியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

பத்து நிமிசம் சந்திக்க விட்டார்கள். மேனுகா வியர்வையோடும் புழுதியோடும் வந்து தாயைக் கட்டிப் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்டேன்.

"எடுத்தா அம்மா அழுவாங்க மாமி. அம்மா அழுதா நானும் அழுவன். பிறகு ரெண்டு நாளைக்கு எனக்கு ஓட ஏலாது. அதான் எடுக்கல்ல." பிறகு தாயைப் பார்த்து மெல்லக் கேட்டாள். "என்னக் கூட்டிட்டுப் போகவாம்மா வந்தீங்க?"

அன்னப்பூரணி மகளின் முழங்கையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஆரு சொன்ன? பாத்திட்டுப் போகத்தான் வந்தன்."

சார்ஜன் என்னிடம், கையெழுத்து வைக்கிறார்களா, கடதாசி எடுக்கவா என்று கேட்டாள். நான் மச்சாளின் முகத்தைப் பார்த்தேன்.

"அந்த சார்ஜன் நோனாட்டச் சொல்லு மச்சாள், இவள் சோறு கூடத் தின்பாள், கூடப் போடட்டாம். வேலையும் கூடக் குடுக்கட்டாம்."

சொன்னேன். பஸ்ஸில் ஏறி இருந்ததும் அழத் தொடங்கினாள், பிபிலை வரைக்கும் அழுதாள். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அவள் அழவில்லை. எந்தத் தோணிக்கு எவ்வளவு நண்டு, எவள் எவளோடு சண்டை, அண்ணன் கறிக்கு உப்பு இரண்டு முறை போட்ட கதை என்று ஐந்து நிமிசமும் அளந்துவிடுவாள். மறுமுனையில் மேனுகா சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்கும். அழுகை எல்லாம் கைபேசியை வைத்த பிறகுதான்.

பயிற்சி முடிந்து அணிவகுப்பு நாள் வந்தது. வான் ஒன்று பிடித்துப் பதினொரு பேர் போனோம். சந்தையில் என்னிடம் வாங்கிக் கட்டியவளும் வந்தாள், அதுவும் முன் இருக்கையில். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே காலாக அடி வைத்து வந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஓரமாக மேனுகா வந்தாள், நாடி நிமிர்ந்து. வாயே திறக்காத என் அண்ணன் கதிரையில் ஏறி நின்று, "அது என்ட மகள்! என்ட மகள்!" என்று கத்தினார். இறக்கி இருத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

எல்லாம் முடிந்து மேனுகா எங்களிடம் வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தாயிடம் சொன்னாள்.

"அம்மா, முதல் வேலை குருநாகல் பக்கமாம். ஊருக்குக் கிட்டப் போடச் சொல்லி எழுதிக் குடுக்கலாம். குடுக்கட்டா?"

குடு என்று சொல்லத்தான் என் வாய் வந்தது. அன்னப்பூரணி எனக்கு முந்திவிட்டாள்.

"வேணாம். எங்க போட்டாலும் போ" என்றாள். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. "அண்டைக்கு உன்னக் கூட்டிட்டுப் போகத்தான் மகள் வந்தன், பொய் சொல்லிப்போட்டன். இனிமே அப்பிடி வரமாட்டன். எனக்குப் பயம் விட்டுப் போச்சு."