பிடியை விடுவிக்கும் படங்கள்

வரவேற்பு மேசையில் இருக்கும் திவ்யாவுக்குப் போன வாரம் ஒரு பார்சல் வந்தது. தற்காப்புப் புத்தகம். யாரோ படிக்கச் சொன்னார்களாம். தரை துடைக்கிற மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு பக்கம் புரட்டினேன். புதுப் பசை வாசனை. நானும் ஒன்று படித்திருக்கிறேன் என்றேன். ஐந்தாவதோடு நின்றவள் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வாள். "எதுன்னா ஐடியா குடுங்கக்கா" என்றாள்.

"ஆள் மாத்தி மாத்திப் பழகு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

நான் படித்ததில் பூஞ்சை வாசனை அடிக்கும். செங்கம் ரோட்டில் இதே விடுதிதான். அப்போது ஓட்டுக் கட்டடம். வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது பாதிப் புத்தகங்களை விட்டுப்போவார்கள். எல்லாம் தியானம், சாமி. அதற்கு நடுவில் இது. ஒருவன் கையைப் பிடிக்கிறான், ஒருத்தி விடுவித்துக்கொள்கிறாள். பக்கத்துக்கு நாலு படம். இங்கிலீஷ் நமக்கெதற்கு, படம் போதாதா என்று எடுத்துக்கொண்டேன்.

அஞ்சலைக்காகத்தான் எடுத்தேன். என்னோடு துணி துவைத்தவள். அவள் புருஷன் அடிக்கிறவன். ஒருநாள் கொன்றுவிடுவான் என்று அவளுக்கே தெரியும். நீல சோப்பு தீர்ந்துவிட்டது என்பது மாதிரி அதைச் சொல்வாள்.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பழகினோம். பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி இழுக்க வேண்டும். எப்போதும் அவள்தான் பிடிக்கிற ஆள். "அவன் எப்டிப் புடிப்பான்னு எனக்குத்தானக்கா தெரியும்." தாடையை முன்னால் தள்ளி, கண்ணை இடுக்கி, "இன்னாடி மொறைக்கிற?" என்பாள். அச்சாக அவன்தான். சிரிப்பு தாங்காமல் நான் கல்மேல் உட்கார்ந்துவிடுவேன். ஆளை மாற்றி நான் பிடித்தால் அவள் கை பிழியாத துணி மாதிரித் தொங்கும். "வரலக்கா. நீயே செய், நான் பாத்துக்கறேன்."

கடைசியில் விடுவித்துக்கொள்ளத் தெரிந்தவள் நான். நானோ ஒண்டிக்கட்டை. என்னைப் பிடிக்க ஆளே இல்லை.

வாட்ச்மேன் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர். முதல் பக்கத்தை அவரிடம் படித்துச் சொல்லச் சொன்னோம். சண்டை போடாதே, முதலில் ஓடிவிடு என்று எழுதியிருக்கிறதாம். பட்டாளத்திலும் இதே பாடம்தான், பின்வாங்கத் தெரியாதவன் செத்தான் என்றார்.

அஞ்சலை கேட்டாள். "எங்க ஓடறதுன்னு போட்டிருக்காண்ணா?"

அவர் நிஜமாகவே பக்கங்களைத் தள்ளித் தேடினார்.

"அது போடலம்மா."

அடி அண்ணாமலையில் அம்மா வீட்டுக்கு ஓடிப் பார்த்தவள் அவள். அங்கிருந்தவர்களே கொண்டுவந்து விட்டுப்போனார்கள். என் வீட்டுக்கு வா என்றேன். "உன்னையும் சேத்து வெட்டுவான்க்கா" என்றாள்.

ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. கிணற்றில் தவறி விழுந்து செத்துப்போனாள் என்றார்கள். போய்ப் பார்த்தேன். இரண்டு மணிக்கட்டும் கன்றிப்போய் இருந்தன. கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.

ஓட்டுக் கட்டடம் போய் மூன்று மாடி வந்துவிட்டது. கல் இருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. புத்தகங்களைப் பழைய பேப்பர்காரன் அள்ளிக்கொண்டு போனான். இதெல்லாம் போகிறதுதான். நாங்கள் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. அஞ்சலை என்று நினைத்தால், தாடையைத் தள்ளி, கண்ணை இடுக்கி ஒரு முகம் வருகிறது. அது அவன் முகம். அவள் முகம் வரமாட்டேன் என்கிறது.