முழங்கையைத் தொட்டவர்

ஒரு நாள் விடியற்காலையில், தெருக் கூட்டும் லிங்கம்மாவின் தள்ளுவண்டியில் ஜோதிமணி அக்கா செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைப் போட்டார். குப்பை போடுகிறவர் போலவே போட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் குழாயடியில் நின்றிருந்தேன். குப்பையை எதற்கு இத்தனை பத்திரமாகச் சுற்ற வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். லிங்கம்மா பிரித்தாள். உள்ளே ஒரு ஜோடிச் செருப்பு. வெடித்துப் புண்ணான அவள் குதிகாலுக்குத் தக்கபடி, மெத்தென்ற ரப்பரை வெட்டி ஒட்டியிருந்தது. யார் வைத்தது என்று தெரியாமல் அவள் மாடி மாடியாக அண்ணாந்து பார்த்தாள். நான் சொல்லவில்லை. இவள் கால் அளவை அந்த அம்மா எப்போது எடுத்தார் என்பதுதான் அன்றைக்கு என் யோசனை.

மைசூரில் என்.ஆர். மொஹல்லாவில் எங்கள் எதிர்வீடு அவருடையது. வாடகை வீடுதான். பிறந்தது மார்டள்ளி என்ற கிராமம். நர்ஸ் படித்தவர். மிஷன் ஆஸ்பத்திரிக்காக ஆப்பிரிக்காவில் தான்சானியா என்ற தேசத்தில் எட்டு மாதம் வேலை, இங்கே நாலு மாதம். தை பிறந்ததும் வந்து பூட்டைத் திறப்பார். சித்திரை முடியுமுன் பூட்டிவிட்டுப் போய்விடுவார். போகும்போது ஒரு பெட்டி, வரும்போதும் அதே பெட்டி. வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் வீட்டில் ஒரு நல்ல நாற்காலிகூட இல்லை என்பது தெருவுக்குப் பெரிய சந்தேகம்.

அதைவிடப் பெரிய சந்தேகம் அவருடைய கை. எந்தப் பெண்ணைப் பார்த்தாலும், "நல்லாருக்கியா?" என்று முழங்கையைப் பிடிப்பார். சும்மா பிடிப்பதில்லை. பின்பக்கம் விரலை வைத்து மெல்ல உருட்டுவார். கண் நம் முகத்தில் இருக்கும், விரல் மட்டும் அங்கே வேலை செய்யும்.

"அது தொட்டு ஜெபம் பண்றது, கமலம்மா," என்றாள் மேல்வீட்டு சரசு. "மூணு வாட்டி தொட்டுட்டா நம்ம சாமி நம்மள விட்டுட்டுப் போயிடுமாம்."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்ல வேணாம். நோடு, பாரேன், எனக்கே ரெண்டு ஆயிடுச்சு."

நான் எண்ணிப் பார்த்தேன். எனக்கு ஐந்து ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயில் மடைப்பள்ளியில் பொங்கல் வைக்கிறவள் நான். ஹனூரிலிருந்து பிழைக்க வந்த எங்களுக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே மரியாதை அந்த அடுப்புதான். அந்த மாசி மாத வெயிலில் முழங்கை மறைய ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் அவர் என் வாசலுக்கே வந்துவிட்டார்.

"கமலம்மா, சுண்டுவிரல்ல என்ன கொப்புளம்?"

"பொங்கப் பானை சுட்டிருக்குமுங்க."

"எப்போ சுட்டுது?"

யோசித்தேன். சுட்டது நினைவில்லை. கொப்புளத்தைப் பார்த்துத்தான் சுட்டதே எனக்குத் தெரியும்.

கண்ணை மூடச் சொன்னார். தொடும்போது சொல்ல வேண்டுமாம். மந்திரம் போடப்போகிறார் என்று நான் மனதுக்குள் மாரியம்மனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நேரம் போயிற்று.

"இன்னும் தொடவே இல்லீங்களே," என்று கண்ணைத் திறந்தேன். பேனா முனை என் சுண்டுவிரல் மேல் இருந்தது.

"நான் கண்ணைத் தொறந்ததும் வச்சீங்க," என்றேன். வீட்டுக்கு வந்தவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"சரி. என்னை நம்ப வேண்டாம். உன் வீட்டுக்காரரையே தொட்டுப் பாக்கச் சொல்லு. முன்கையில அந்த வெளுத்த இடத்துலயும்."

தேமல் என்று நினைத்து நான் மஞ்சள் பூசிக்கொண்டிருந்த இடம் அது. ரவிக்கைக்குள் இருந்ததை எப்படிக் கண்டார் என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலாயுதம் கட்டட வேலை முடிந்து வந்ததும் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றைக் கொடுத்தேன். "இதென்ன விளையாட்டு," என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தொடுங்க."

காத்திருந்தேன். கையில் ஒன்றும் படவில்லை.

"எப்பத்தான் தொடுவீங்க?"

கண்ணைத் திறந்தபோது குச்சி என் கையில் குழி விழ அழுத்தியிருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

மறுநாள் அக்காவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொழுநோய் ஆரம்பம் என்றார் டாக்டர். ஆறு மாதம் மாத்திரை, மாதத்துக்கு ஓர் அட்டை, இலவசம். திரும்பும் வழியில் நான் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா, நான் அடுப்புப் பத்த வைக்கலாமுங்களா?"

"மாத்திரை ஆரம்பிச்சுட்டா உன்னால யாருக்கும் ஒட்டாது. பொங்கலுக்கு ஒண்ணும் ஆகாது. உன் விரலுக்குத்தான் ஆகும். துணி புடிக்காம பானையைத் தொடாதே." பிறகு முழங்கை விஷயத்தையும் சொன்னார். அங்கே ஓடும் நரம்பு தடித்திருந்தால் இந்த நோயாக இருக்கலாமாம். "இருபத்தஞ்சு வருசப் பழக்கம். ஆளைப் பாத்தாக் கை தானாப் போயிருது."

அந்த வெள்ளிக்கிழமை உடம்பு சரியில்லை என்று கோயிலுக்குச் சொல்லிவிட்டேன். முதல் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. அப்படிப் போகும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தும், விஷம் வைத்துவிட்டாரோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

இனி தெருவுக்குச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. சரசு அவரை வாசலில் மடக்கியபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"கமலம்மாவும் நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாமே, எதுக்கு?"

"தனியாப் போக பயம். துணைக்குப் போனோம்."

"யாருக்கு பயம்?"

"எனக்குத்தான்."

"ஆப்பிரிக்காவுக்குத் தனியாப் போற ஆளுக்கு, ஆட்டோவுல போற ஆஸ்பத்திரிக்கு பயமாக்கும்," என்று சரசு நொடித்தாள். அக்கா அவளுடைய முழங்கையைப் பிடித்து உருட்டிவிட்டு, "உனக்கு ஒண்ணுமில்ல, போ," என்று உள்ளே போனார். சரசு முழங்கையைச் சேலையால் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அது மூன்றாவது.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து பொங்கல் வைத்தேன். இன்றும் வைக்கிறேன். ஆறு அட்டையும் முடித்தேன். முன்கையில் உணர்ச்சி திரும்பிவிட்டது. சுண்டுவிரலில் இன்னும் இல்லை. அக்கா அதற்குப் பிறகு மைசூருக்கு வரவில்லை. தம்பிக்குக் கை கால் விழுந்துவிட்டதால், விடுமுறை நாலு மாதத்தையும் மார்டள்ளியில் அவரைப் பார்த்துக்கொள்வதில் கழிக்கிறார் என்று கேள்வி.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அந்தச் சித்திரையில். பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அப்போது ரெண்டு அட்டைதான் முடிந்திருந்தது. அன்று வரைக்கும், இன்றைக்குக் கூப்பிடுவார், நாளைக்குக் கூப்பிடுவார் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்ன சாக்குச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். பஸ் கிளம்பப் போகிறபோது கேட்டேவிட்டேன்.

"ஏனுங்கக்கா, உங்க சர்ச்சுக்கு என்னை ஒரு நாளும் வான்னு கூப்பிடலியே?"

படியில் நின்றபடி திரும்பினார்.

"ஆசை இல்லாம இல்ல. கூப்பிட்டிருந்தா நீ மாத்திரையை நிறுத்தியிருப்பே. இன்னும் நாலு அட்டை இருக்கு, கமலம்மா."